நிமிஷத்துக்கு முப்பத்தாறு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் வந்து அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். "பெலான் மாஸ்டர் வீடு எது?" என்று கேட்டால் பால்குடி மறக்காத பிள்ளைகூடக் கை காட்டும். மலாய்ப் பேச்சில் பெலான்-பெலான் என்றால் மெல்ல மெல்ல என்று அர்த்தம். அந்தப் பெயரை முதலில் வைத்தவர் யாரென்று தெரியவில்லை. வைத்தவர் கைக்குக் காப்பு செய்து போடலாம், அவ்வளவு பொருத்தம்.

அவர் ரயில் நிலையத்தில் தந்தி அடிப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர். நான் இரண்டு தெரு தள்ளி ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் டிரெஸராக இருந்தேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சல் பார்ப்பது, நாடி எண்ணுவது என் வேலை. கேரி தீவில் ஒரு தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன். எனக்கு எதிலும் அவசரம். சோற்றை மெல்லாமல் விழுங்குவேன். அடுத்தவர் தொடங்கிய பேச்சை நான் முடித்து வைப்பேன். இப்படிப்பட்டவன் போயும் போயும் அவரிடம் போய் ஒட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக்கடையில் உட்காருவோம். எனக்கு இரண்டாவது கோப்பை வந்திருக்கும். அவர் முதல் கோப்பையின் ஆவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"குடிங்கண்ணே, ஆறிப்போகுது."

"ஆறட்டும் காணும். சூடாத்தான் குடிக்கவேணும் எண்டு சட்டமோ?"

எப்போதும் அந்த 'காணும்'தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்றாலும் என்னை ஒருநாளும் வா, போ என்றதில்லை. நீர், உமக்கு என்று மரியாதையாகத்தான் பேசுவார். அந்த மரியாதைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். தோட்டத்தில் வளர்ந்தவனை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவர் மனைவிக்கு இந்த நிதானம் தலைவலி. "இவரைப் பாசாருக்கு மீன் வாங்க அனுப்பினா, அந்த மீன் தானே நீந்தி வந்து சேர்ந்திருக்கும்" என்பார். மத்தியானக் குழம்புக்குப் போன மனிதர் ராத்திரிச் சொதிக்குத்தான் வருவார். வழியில் யாரையோ பார்த்திருப்பார், எதையோ நின்று கேட்டிருப்பார். அந்த அம்மாள் கத்தித் தீர்க்கும்வரை கையில் மீனோடு வாசலிலேயே நிற்பார். கத்தி முடிந்ததும், "இப்ப உள்ள வரலாமோ?" என்பார். அவர் சொன்ன தோரணையில் அந்த அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

வேலையில் மட்டும் அவரை யாரும் கேலி செய்ய முடியாது. மற்றவர்கள் தந்தி அடித்தால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அவர் அடிப்பது சொட்டுச் சொட்டாக விழும். ஆனால் காஜாங்கில் இருந்தவரும் கிள்ளானில் இருந்தவரும், இவர் அடித்த சேதியைத் திருப்பி அடிக்கச் சொல்லிக் கேட்ட நாளே கிடையாது என்பார்கள். ஓசையைக் கேட்டதுமே, "பெலான் வந்தாச்சு" என்று நாற்காலியில் சாய்ந்துகொள்வார்களாம்.

அந்த வேலையைப் பற்றி ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஒரு ரயிலை விடமுன்னம் அடுத்த ஸ்டேஷனைக் கேக்கவேணும், பாதை காலியோ எண்டு. காலி எண்டு பதில் வந்தாத்தான் விடலாம். பதில் வராட்டி?"

"இன்னொருக்கா கேப்பீங்க."

"பிறகும் வராட்டி?"

"ஆளை அனுப்பிப் பாக்குறது, கொடியைக் காட்டி மெதுவா விடுறது, ஏதாச்சும் செய்யணும்ல?"

"ஒண்டும் செய்யக் கூடாது காணும். பதில் வருமட்டும் ரயில் நிக்கும், நானும் இருப்பன். சனம் ஏசும். ஏசட்டும். கேட்டவன் காத்திருக்கவேணும்."

அவர் நிதானத்துக்கு இதுதான் காரணம், தொழில் ஊறிப்போய்விட்டது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளான் கோயில் திருவிழாவுக்கு ஒருமுறை இருவரும் போனோம். திரும்பும்போது ஸ்டேஷன் வாசலில் நுழைகிறோம், வண்டி ஊதிவிட்டது. நான் ஓடிப்போய்ப் படியில் தாவி ஏறிக்கொண்டு, "அண்ணே, ஓடியாங்க!" என்று கத்துகிறேன். அவர் கடைவீதியில் நடக்கிறவர் மாதிரி நடந்து வருகிறார். வண்டி நகர்ந்தது. அவரை விட்டுப் போக மனமில்லாமல் நான் குதித்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன்.

அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம். பெஞ்சில் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி பொரிந்து தள்ளினேன்.  திரும்பிப் பார்த்தால் அவர் முகம் வெளுத்து, பெஞ்சின் விளிம்பைக் கையால் இறுகப் பிடித்திருந்தார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். நாலைந்து விநாடி இருக்கும். பிறகு முகத்தில் ரத்தம் ஏறி, சிரித்தார். "என்ன சொன்னீர்? திருப்பி ஒருக்காச் சொல்லும், கேக்கேல்லை."

தினம் நூறு கையைப் பிடித்து நாடி பார்க்கிறவன் நான். அன்று பக்கத்தில் இருந்த அந்தக் கையைப் பிடிக்கத் தோன்றவில்லை. இப்போதும் கிள்ளான் ஸ்டேஷனைக் கடந்து போனால் அந்தப் பெஞ்சு இருந்த பக்கம் நான் பார்ப்பதில்லை.

ரயில்வேக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை உடம்பு பரிசோதனை எங்கள் டிஸ்பென்சரியில் நடக்கும். அன்று கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். டாக்டரிடம்தான் கடிகாரம் உண்டு. எனக்கு ஒரு மணல்குப்பி கொடுத்திருந்தார். இரண்டு கண்ணாடிக் குமிழ், நடுவில் ஊசிக் கழுத்து. கவிழ்த்தால் மணல் முழுதும் இறங்க அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தில் எண்ணிய துடிப்பை நான் நோட்டில் எழுதுவேன். டாக்டர் அதை இரட்டித்துப் படிவத்தில் போடுவார். முப்பத்தாறு என்று நான் எழுதினால் அங்கே எழுபத்திரண்டு. இது எங்கள் இருவருக்கும் பழகிப்போன ஏற்பாடு.

அவர் முறை வந்தது. "என்ன காணும், என்ர கையையும் பிடிக்கப் போறீரோ?" என்று நீட்டினார். குப்பியைக் கவிழ்த்தேன். மணிக்கட்டில் ஒரு துடிப்பு, நன்றாக, முழுதாக வந்தது. அடுத்தது வரவில்லை. விரலை நகர்த்தப் போகும்போது வந்தது. மறுபடி நீண்ட இடைவெளி. மணல் இறங்கி முடிந்தபோது பதினெட்டுதான் எண்ணியிருந்தேன். மணல் சிக்கிக்கொண்டதோ, நான் விட்டுவிட்டேனோ என்று மறுபடி கவிழ்த்தேன். மறுபடியும் பதினெட்டு. இரண்டையும் கூட்டி முப்பத்தாறு என்று எழுதினேன். பின்னால் நின்றவர் முதுகில் இடித்தார். அடுத்த கையைப் பிடித்தேன்.

மத்தியானம் படிவங்களை உறையில் போடும்போதுதான் பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே நாடி எழுபத்திரண்டு. தேகநிலை நலம். டாக்டரின் கையெழுத்து.

அன்று சாயங்காலம் காப்பிக்கடையில் நான் உட்காரக்கூட இல்லை. "அண்ணே, உங்க நாடி முப்பத்தாறு. நான் குப்பிய ரெண்டு தடவ கவுத்துட்டேன். டாக்டர் தெரியாம எழுபத்திரண்டுன்னு போட்டுட்டாரு."

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் பாஸோ?"

"விளையாடாதீங்கண்ணே. கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?"

"இடைக்கிடை. ஓடினா, படியேறினா. ஒரு ரெண்டு வருஷமா இருக்கு. ஆறுதலா நடந்தா வாறேல்லை."

ஆறுதலா என்றால் அவர் ஊர்ப் பேச்சில் நிதானமாக. நாங்கள் ஊர்கூடிக் கேலி செய்த அந்த நடை எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. 

"தெரிஞ்சா வேலைய விட்டு எடுத்துருவாங்கண்ணே."

"ஓம். வீட்டையும் விடவேணும். கப்பலேறி ஊருக்குப் போய் நான் என்ன செய்யிறது? தந்தி அடிக்கிறது ஒண்டுதான் எனக்குத் தெரியும்."

"நான் டாக்டர்கிட்டச் சொல்லணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

ஒரு கோப்பைக் காப்பி குடித்து முடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, "உம்மட வேலையை நான் உமக்குச் சொல்லித்தரமாட்டன்" என்றார். அவ்வளவுதான். கெஞ்சவில்லை, கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை.

டிஸ்பென்சரிக்குத் திரும்பினேன். உறை மறுநாள் காலைதான் ரயில்வே ஆபீசுக்குப் போகவேண்டும். டாக்டர் மேஜைக்கு நடக்க எனக்குப் பத்து அடி. எதற்கும் முந்திக்கொண்டு ஓடுகிறவன், அன்று மட்டும் ஆகட்டும், பார்க்கலாம் என்று நின்றேன். பசையைத் தடவி உறையை நானே ஒட்டினேன். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நிதானமாக இருந்தேன். அது நிதானிக்கக் கூடிய இடமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம். அந்த வருஷத்தைத்தான் நான் இப்போதும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தினமும் காப்பிக்கடையில், மேஜைக்குக் கீழே, என் விரல் அவர் மணிக்கட்டில் இருக்கும். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ. கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான் எண்ணுவேன். அவர் தெருவில் போகிற ரிக்‌ஷாக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"எவ்வளவு?"

"முப்பத்தெட்டு."

"ஓடத் தொடங்கிட்டன் போல."

ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் காத்திருக்க அந்த வருஷம்தான் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் அந்த இடைவெளியில் எனக்கு மூச்சு நின்றுவிடும். வராதோ, வராதோ என்றிருக்கும். பிறகு வரும், கதவைத் தட்டுகிற மாதிரி பலமாக. நாள் போகப் போக அந்த இடைவெளியில் தெருச் சத்தம் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. ஒரு கிழவர் இரும்பைத் தட்டுவது, யார் வீட்டிலோ பிள்ளை அழுவது. அவ்வளவு காலம் அங்கே குடியிருந்தும் அதையெல்லாம் நான் கேட்டதே இல்லை.

ஸ்டேஷனிலும் அவர் ஒன்று செய்துவைத்திருந்தார். பக்கத்து மேஜை குமாஸ்தாவிடம், "நான் பேசாம இருந்தா எனக்காக நீர் ஒரு பதிலும் அடிக்கவேண்டாம். அடுத்த ஸ்டேஷன் மணி அடிச்சாலும் அப்பிடியே விடும்" என்று சொல்லியிருந்தார். அவன் அதையும் அவருடைய வழக்கமான கிறுக்கு என்று எடுத்துக்கொண்டான்.

அடுத்த பரிசோதனைக்குப் பத்து நாள் இருந்தது. மத்தியானம், நல்ல மழை. ஸ்டேஷன் போர்ட்டர் நனைந்தபடி ஓடிவந்தான். "மாஸ்டர் விழுந்துட்டாரு லா, சீக்கிரம் வாங்க!" நான் பாதி வழி போவதற்குள் ரிக்‌ஷாவில் அவரையே கொண்டுவந்துவிட்டார்கள். நெற்றியில் மேஜை விளிம்பு வெட்டியிருந்தது.

நடந்ததைக் குமாஸ்தா சொன்னான். அடுத்த ஸ்டேஷன் பாதை காலியா என்று கேட்டு மணி அடிக்கிறது. இவர் கை மேஜையில் சரிந்துவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அவனுக்குக் கை துறுதுறுத்ததாம். சொன்னதை நினைத்துக்கொண்டு தொடவில்லை. அங்கே வண்டி கிளம்பாமல் நின்றது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கண் திறந்த மனிதர், நெற்றி ரத்தத்தைத் துடைக்காமல், பாதையை எட்டிப் பார்த்துவிட்டு, முதலில் அந்த மணிக்குப் பதில் அடித்தாராம். பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாராம்.

டாக்டர் அவரைப் படுக்கவைத்தார். புதிதாக வாங்கிய ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கையில் சுற்றி, ரப்பர் உருண்டையை அமுக்கினார். பாதரசம் ஏறியது. முழங்கை மடிப்பில் காதுக்குழாயை வைத்துக் கேட்டபடி இறக்கினார். மேல் கணக்கு நூற்றுத் தொண்ணூறு, கீழ்க்கணக்கு அறுபது. டாக்டருக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொருமுறை பார்த்தார். பிறகு கழுத்தையே உற்றுப் பார்த்தவர், "நீ மணிக்கட்டை எண்ணு. நான் கழுத்து நரம்பை எண்ணுறேன்" என்றார். கடிகாரத்தை நடுவில் வைத்துக்கொண்டு முழு நிமிஷம் எண்ணினோம்.

"எவ்வளவு?"

"முப்பத்தாறு."

"கழுத்துல எழுபத்திரண்டு" என்றார் டாக்டர்.

டாக்டர் ஒரு காகிதத்தில் இருதயத்தை வரைந்தார். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேலே ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். தலை சொல்லாமலே, யாரும் சொல்லாமலே அந்த இடம் தானாக ஒரு மின்சார சமிக்ஞையை எழுப்புகிறது. மேல் அறைகள் சுருங்குகின்றன; அந்த அதிர்வுதான் கழுத்து நரம்பில் தெரிவது. சமிக்ஞை நடுவில் ஒரு முடிச்சுக்கு வந்து ஒரு கணம் தங்கி, கீழே போகிறது. கீழ் அறைகள் சுருங்கி ரத்தத்தை உடம்புக்குத் தள்ளுகின்றன. நமக்கு மணிக்கட்டில் தெரிவது அந்தத் தள்ளல்தான். இவருக்கு மேலே ஒழுங்காக எழுபத்திரண்டு கிளம்புகிறது. நடுவில் ஒன்று விட்டு ஒன்றுதான் கடக்கிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே நேரம் அதிகம் என்பதால் கீழ் அறை வழிய வழிய நிறைகிறது, ஒவ்வொரு தள்ளலும் பெரிய தள்ளலாகிறது. பாதரசம் அவ்வளவு உயரம் போனது அதனால்தான். அடுத்த தள்ளல் வரத் தாமதமாகிறது, அவ்வளவு கீழே இறங்கியதும் அதனால்தான்.

படுத்திருந்தவர் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மேல் ஸ்டேஷன் பிழையில்லை டொக்டர். நடு ஸ்டேஷன்காரன்தான் ஒண்டை வாங்கி ஒண்டை விடுறான். ஒண்டையும் வாங்காட்டி?"

"கீழே இருக்குறது கொஞ்சம் பொறுத்துப் பார்த்துட்டுத் தானே மெதுவா அடிக்க ஆரம்பிக்கும். அது வரைக்கும்தான் உங்களுக்குக் கண் இருட்டுறது. ஆரம்பிக்கலைன்னா…" டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். பெரிய ஊர்களில் கையையும் காலையும் உப்புத்தண்ணீரில் வைத்து, இருதயத்தின் மின்சாரத்தைக் கோடாக வரைகிற கருவி இருக்கிறது, அதில் பார்த்தாலும் வியாதி தெரியுமே தவிர இதற்கு மருந்து இல்லை என்றார்.

பிறகு அலமாரியிலிருந்து போன வருஷத்து நோட்டை எடுத்துப் புரட்டினார். என் கையெழுத்தில் முப்பத்தாறு. படிவத்தின் நகலில் எழுபத்திரண்டு. மேஜைமேல் இருந்த மணல்குப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ரெண்டு தடவை கவுத்தியா?"

 படுக்கையிலிருந்து அந்தக் குரல் சொட்டுச் சொட்டாக வந்தது. "அது மணலின்ர பிழை டொக்டர். ஈரம் பிடிச்சிருக்கும்."

டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாள் எனக்கு ஒரு கடிகாரம் வாங்கித் தந்தார். அந்தக் குப்பியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வேலை போயிற்று, வீட்டைக் காலி செய்தார்கள். கப்பலேற்றிவிட போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு நானும் போனேன். அவர் மனைவி மூட்டைகளை எண்ணி எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். சங்கு ஊதியாயிற்று. அவர் கையை நீட்டினார். நான் விரலை வைத்தேன். எண்ணவில்லை. ஒன்று வந்தது. காத்திருந்தேன். இன்னொன்று வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏன் காணும் அழுறீர்? ஆறுதலா எழுதுவன்" என்றார்.

ஆறுதலாகத்தான் எழுதினார். மூன்று மாதம் கழித்து வந்தது. சுகம், மழை இல்லை, பனையோலை வேலி அடைக்கிறோம் என்பதற்கிடையில் ஒரு வரி: 'இங்கே கையைப் பிடிக்க ஆளில்லை. நானே பிடித்து எண்ணிக்கொள்கிறேன். ஒருவன் தன்னைத் தானே எண்ணும்போது பிழை வரும் போலிருக்கிறது.'

அன்றே உட்கார்ந்து பதில் எழுதினேன். நேரில் கேட்கத் துணியாததை அதில் கேட்டேன். 'அண்ணே, நான் உறையை ஒட்டினேனே, அந்த ஒரு வருஷம் நான் உங்களுக்குக் கொடுத்ததா, உங்களிடமிருந்து எடுத்ததா? அன்றே சொல்லி உங்களை ஓய்வாக உட்கார வைத்திருந்தால் அந்த மழைநாளில் விழுந்திருக்க மாட்டீர்களே. எனக்கு உண்மையைச் சொல்லுங்கள்.'

பதில் வரவில்லை. அவர் மனைவியிடமிருந்து ஒரு கடிதம் வந்துவிடுமோ என்று தபால்காரனைக் கண்டாலே சந்துக்குள் ஒதுங்கிய காலம் உண்டு. அதுவும் வரவில்லை. எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. எனக்கும் தலை வெளுத்து, கடிகாரம் கட்டிய இளைஞன் ஒருவன் என் கையைப் பிடித்து எண்ணுகிறான். எழுபத்திரண்டு என்கிறான். சாயங்காலங்களில் என் வலது கை விரல்கள் தாமாகவே மேஜைக்குக் கீழே போய் எதையோ தேடுகின்றன. அவரை நினைத்து ஏங்குகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"ஊருக்குப் போகிற யாரிடமாவது சொல்லி விசாரிக்கலாமே" என்று என் வீட்டில் சொல்வார்கள். பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணம் போய்வராத குடும்பம் உண்டா? ஒரு வார்த்தை சொன்னால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். நான் சொல்லவில்லை. மணல்குப்பியை எடுத்துக் கவிழ்த்து வைத்துப் பார்ப்பேன், இறங்கியதும் இன்னொருமுறை கவிழ்ப்பேன். அவர் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொன்னவரில்லை. கேட்டவன் நான், காத்திருக்கிறேன்.